சர்க்கரை சாரும் நூறு சதவீதமும்

அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த உயர்நிலைப் பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள் ‘சர்க்கரை சார்’ என்ற பெயரைக் கேட்டதும் பாவப்பட்டு, அவருக்கு மட்டும் சர்க்கரை போடாத டீயை வரவழைத்துவிடுவார்கள். அவரும் மறுக்காமல் குடித்துவைப்பார். யார் முகமும் கோணும்படி ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வராது. பேச்சு அவ்வளவு இனிப்பு, அதனால் வந்த பெயர் அது. அந்தப் பேச்சை வைத்து அவரிடம் என்ன வேலை வாங்கினார்கள், அது கடைசியில் யார் தலையில் விடிந்தது என்பதுதான் கதை.

அவர் கணக்கு வாத்தியார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு காலத்தில் நல்ல வாத்தியார்தான். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வருஷக்கணக்கில் தற்காலிக ஆசிரியராகக் குப்பை கொட்டினார். கோடை விடுமுறை வந்தால் வேலை போகும், பள்ளிக்கூடம் திறந்தால் திரும்ப வரும், சில வருஷம் திறந்தும் வராது. ஒருவழியாக நிரந்தரமானபோது தலையில் பாதி முடி போயிருந்தது. சரி, இனிமேலாவது கரும்பலகையும் சாக்பீஸுமாக நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், அரசாங்கம் விடுமா? மக்கள்தொகை எடுக்கணுமா, கூப்பிடு வாத்தியாரை. வாக்காளர் பட்டியல் சரிபார்க்கணுமா, கூப்பிடு வாத்தியாரை. எந்த வீட்டில் கழிப்பறை இருக்கிறது, எந்த வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் வாத்தியார்தான். வகுப்பில் நின்ற நேரத்தைவிட ஊரார் வாசலில் நின்ற நேரம்தான் அவருக்கு அதிகம். இனிப்பாகப் பேசுகிற வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

அந்த வித்தைக்கு ஒரு முறை இருந்தது. போனதும் விஷயத்துக்கு வரமாட்டார். முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தாகம் இருக்கிறதோ இல்லையோ, கேட்பார். தண்ணீர் கொடுத்த கையோடு ஒருத்தரை வெளியே போ என்று சொல்ல மனுஷர்களுக்கு வாய் வராது என்பது அவர் அனுபவம். அப்புறம் வீட்டிலிருக்கிற பிள்ளையைப் பாராட்டுவார். வீட்டில் யார் சொன்னால் எடுபடும் என்று கண்ணாலேயே பார்த்து வைத்துக்கொள்வார். அந்த ஆளைப் பார்த்துத்தான் பேச்சு நடக்கும். இந்தத் திறமையைத் தலைமையாசிரியர் மோப்பம் பிடித்துவிட்டார்.

இதற்கு நடுவில் நாட்டில் படிப்பு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்பு வரைக்கும் எந்தப் பிள்ளையையும் ஃபெயில் போடக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான், பிள்ளைகள் பயந்து படிப்பை விட்டுவிடக் கூடாது என்று நல்ல மனசோடு போட்டது. போட்டவர்கள் வகுப்புக்கு ஒரு வாத்தியாரையும் சேர்த்துப் போட மறந்துவிட்டார்கள். மூன்று வகுப்பை ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே ஆள் மேய்க்கிற ஆரம்பப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் படியேறி வருவார்கள். வகுத்தல் தெரியாமல் ஆறு, பின்னம் தெரியாமல் ஏழு, எழுத்துக்கூட்டிக்கொண்டே எட்டு. ஒன்பதில் வாத்தியார்களே கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் மாநிலம் முழுக்க ஒரே நாள், ஒரே கேள்வித்தாள், பொதுத்தேர்வு. அதுவரைக்கும் யாருமே கேட்காததை எல்லாம் அன்றைக்குத்தான் கேட்பார்கள்.

அதில் எத்தனை பேர் பாஸ் என்பதை வைத்து அமைச்சர் மாவட்டங்களைத் திட்டுவார். மாவட்ட அதிகாரி தலைமையாசிரியர்களைத் திட்டுவார். தலைமையாசிரியர் வாத்தியார்களைத் திட்டுவார். திட்டு வாங்கி வாங்கிக் காது மரத்துப்போனவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். தேறாத பத்துப் பிள்ளைகளைத் தேற வைப்பதைவிட, அவர்கள் பெயரைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிடுவது சுலபம். மீதி இருப்பவர்கள் எல்லாரும் பாஸ், பள்ளிக்கூடம் நூறு சதவீதம். பெயர் போன பிள்ளைகள் தனித்தேர்வர்கள் என்ற பெயரில் வெளியிலிருந்து எழுதிக்கொள்ளலாம். அதே நாள், அதே கேள்வித்தாள், வேறு ஹால். ஃபெயிலானாலும் பள்ளிக்கூடத்துக் கணக்கில் ஏறாது. ஒரே ஒரு சிக்கல், பெற்றவர்களே மனமுவந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள வேண்டும். கட்டாயப்படுத்தினால் வழக்கு வம்பு என்று போய்விடும்.

மனமுவக்க வைப்பதற்குத்தான் சர்க்கரை சார். அரையாண்டுத் தேர்வு மார்க் வந்ததும் அவர் கிளம்பிவிடுவார். ‘ஃபெயில்’ என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. “பையன் தங்கம்மா. கொஞ்சம் நிதானமா படிக்கிற பையன், அவ்வளவுதான். இங்க இருந்தா எல்லாரோடயும் சேத்து ஓட்டுவாங்க, பயந்துடுவான். வீட்டுல இருந்து நிதானமா படிச்சுத் தனியா எழுதட்டும். அவசரம் என்ன? பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிடாது.” அம்மாக்கள் தலையாட்டுவார்கள். தங்கள் பிள்ளையைப் பற்றி ஒரு வாத்தியார் வீடு தேடிவந்து நல்லதாகச் சொல்வது பல பேருக்கு அதுதான் முதல் தடவை.

அந்தப் பிள்ளைகள் எங்கே தனியாக எழுதினார்கள்? பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை வீட்டில் சும்மா வைத்து அழகு பார்க்க யாருக்கு வசதி இருக்கிறது? ஒருவன் டயர் கடைக்குப் போனான், ஒருத்தி துணிக்கடையில் மடித்து வைக்கிற வேலைக்குப் போனாள், ஒருவன் கட்டட வேலைக்குப் போய் வெளியூரிலேயே தங்கிவிட்டான். சர்க்கரை சார் அவர்களைக் கடைத்தெருவில் பார்ப்பார். “வணக்கம் சார்” என்பார்கள். கோபமில்லாத வணக்கம். அவர் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூடத்து இரும்பு கேட்டில் வருஷா வருஷம் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர் கட்டுவார்கள், அதன் கீழே நின்று எடுத்த எல்லாப் போட்டோவிலும் அவர் இருப்பார்.

இவருக்கு ஒரு தங்கை, இரண்டு தெரு தள்ளி. தங்கை புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவர். அவர்களுக்கு ஒரே மகள். பதினைந்து வயசாகியும் வீட்டில் பாப்பாதான். இவர்தான் அவளைத் தன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். கேட்டுக்கு உள்ளே ‘சார்’, வெளியே வந்தால் ‘மாமா’ என்று ஒழுங்காக மாற்றிக் கூப்பிடுவாள், ஒருநாள்கூடப் பிசகாது. அதிகம் பேசாத பெண். படிக்கணும் என்று ஆசை மட்டும் நிறைய. பதினொன்று, பன்னிரண்டு முடித்து நர்சிங் சேர வேண்டும் என்று மாமாவின் மனைவியான அத்தையிடம் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தாள். அவள் அப்பாவோ ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். “மச்சான், பத்து பாஸ் பண்ணட்டும், மேல படிக்க வைக்கிறேன். இந்த வருஷம் பாஸ் இல்லையா, தையல் கம்பெனி வண்டி நம்ம தெருவுக்குத்தான் வருது. நான் குறுக்க நிக்கவும் மாட்டேன், கூட நிக்கவும் மாட்டேன்.” கெட்ட மனுஷர் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் பொறுக்க அந்த வீட்டு அடுப்பு இடம் கொடுக்காது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் அரையாண்டில் பாப்பா எல்லாப் பாடத்திலும் தேறிக் கணக்கில் நாலு மார்க்கில் போய்விட்டாள். மாமா நடத்துகிற பாடத்தில் மருமகள் ஃபெயில். இதில் இன்னொன்றும் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடக்க வேண்டிய மாதம் முழுக்க மாமா வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தார். வகுப்பை விளையாட்டு வாத்தியார் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்றால், சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டார்.

“உங்க தங்கச்சி பொண்ணும்...” என்று தலைமையாசிரியர் இழுத்தார்.

“அவளை நான் பாத்துக்கறேன் சார். நாலு மார்க்தானே.”

“சரி, உங்க பொறுப்பு” என்று அவரும் விட்டுவிட்டார். மற்ற வீடுகளுக்கு சர்க்கரை சார் கிளம்பினார்.

முதல் நாலைந்து வீடு வழக்கம்போல முடிந்தது. சைக்கிள் கடைக்காரரிடம்தான் மாட்டிக்கொண்டார். அந்த மனுஷர் தண்ணீரும் கொடுத்தார், ஸ்டூலும் போட்டார், கவிழ்த்து வைத்த சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“எல்லாம் சரி சார். உங்க மருமகளும் கணக்குல போயிட்டாளாமே. அவ பேரை எடுத்தாச்சா?”

சர்க்கரை சார் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“என் பையன் இருந்தா உங்க நூறு கெட்டுப் போகும். உங்க வீட்டுப் பொண்ணு இருந்தா கெட்டுப் போகாதா? நான் படிக்காதவன், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.” குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். சர்க்கரை சார் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினார்.

மறுநாளே அது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஏற்கெனவே சரி என்று சொன்னவர்கள்கூட “எங்க பிள்ளை இங்கயே படிக்கட்டும்” என்று வந்து நின்றார்கள். தலைமையாசிரியர் சர்க்கரை சாரைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

“ஒண்ணு அந்தப் பொண்ணு பேரும் போகணும் சார். இல்லைன்னா ஒருத்தர் பேரும் போகாது. போகலைன்னா இந்த வருஷம் நம்ம ரிசல்ட் என்னன்னு உங்களுக்குத் தெரியாததா? மாவட்ட அதிகாரி என்னை உரிச்சு உப்புத் தடவிடுவார். நான் உங்களைக் கட்டாயப்படுத்தலை. நல்லா யோசிங்க.”

அந்த இடத்தில் அவர் ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாப்பாவோடு சேர்த்து மற்ற பிள்ளைகளும் தப்பித்திருப்பார்கள். இத்தனை பேரிடம் இத்தனை வார்த்தை பேசிய மனுஷருக்கு அந்த ஒன்று வரவில்லை. பயந்தார் என்றும் சொல்ல முடியாது. வேலை ஒன்றும் போய்விடாது, மிஞ்சினால் எங்காவது மாற்றிவிடுவார்கள். அவரைப் படுத்தியது வேறு. வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று சைக்கிள் கடைக்காரர் தன்னை நினைத்துவிட்டாரே என்ற எரிச்சல். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று காட்ட வேண்டும். காட்டுவதற்குக் கையில் பாப்பாதான் இருந்தாள்.

அவர் முடிவைச் சொன்னதும் மனைவி கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றாள். “ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் வெளியே தள்ளினீங்க, நான் வாயைத் திறக்கலை. அதுக்குத் தண்டனையா நம்ம பாப்பாவையா?”

“வெளியே எங்க தள்றேன். எழுதத்தானே போறா. அதே நாள், அதே கேள்வித்தாள்.”

“அப்ப எதுக்குப் பேரை எடுக்கணும்?”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். வீட்டில் பதில் இல்லாதபோது அவருக்குக் குளியல் வந்துவிடும்.

தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “கொஞ்சம் தண்ணி கொடும்மா” என்றார். பழக்கதோஷம்.

தங்கை சிரித்தாள். “என்னண்ணே, புதுசா வந்த விருந்தாளி மாதிரி தண்ணி கேக்கற? அடுப்புல டீ கொதிக்குது, உள்ள வா.” ஆனாலும் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். பாப்பா நல்ல பொண்ணு என்றார், நிதானமா படிக்கிற பொண்ணு என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நியாயமாகப் பட்டது. தினமும் சாயங்காலம் தானே வந்து கணக்கு சொல்லித் தருவதாகவும், இதே வருஷம் இதே தேர்வைத்தான் எழுதப் போகிறாள் என்றும் சொன்னார். அது பொய்யில்லை, மனசார நம்பித்தான் சொன்னார்.

“எனக்கு என்ன தெரியும் அண்ணே. நீ படிச்சவன். நீ அவளுக்குக் கெடுதல் நினைப்பியா?” என்றாள் தங்கை, ஈரத்துணியை உதறியபடி.

பாப்பா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். “இனிமே யூனிஃபார்ம் போடக்கூடாதா மாமா?”

“வேண்டாம்மா” என்றார்.

மறுநாள் அவர் நேராக சைக்கிள் கடைக்குப் போனார். இந்தத் தடவை தண்ணீர் கேட்கவில்லை. “என் சொந்தத் தங்கச்சி பொண்ணு பேரையே எடுத்துட்டேன். இதுக்கு மேல நான் என்ன செய்யணும் சொல்லுங்க” என்றார். கடைக்காரர் கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தார். நியாயம் கேட்டவருக்கு நியாயம் கிடைத்துவிட்டது, இனி மறுத்தால் அது அழகில்லை. சம்மதித்தார். மற்ற வீடுகளிலும் சர்க்கரை சார் அதையே சொன்னார். சொந்தத் தங்கச்சி பொண்ணு என்றதும் எல்லா வாயும் அடைத்துப்போனது. அவ்வளவு சுலபமாக எந்த வருஷமும் அந்த வேலை முடிந்ததில்லை.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், அதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் சாயங்காலம் பள்ளி விட்டதும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். முதல் நாள் இயற்கணிதத்தில் ஆரம்பித்தார், பாப்பா பேந்தப் பேந்த முழித்தாள். சரி என்று கீழே இறங்கினார். இறங்க இறங்கத் தெரிந்தது, அவளுக்குப் பின்னமே தெரியாது. அரையும் காலும் சேர்ந்தால் என்ன என்று கேட்டால் மனசுக்குள் விரலை மடக்குகிறாள். நாலாம் வகுப்பில் வந்திருக்க வேண்டியது. அதைத் தெரிந்துகொள்ளாமலே இத்தனை வருஷம் ஒழுங்காக யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ஒழுங்காகப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு, இதே மாமா வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். இவர் ஒருநாளும் பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாகிவிட்டது.

“ஏம்மா, தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“எல்லாரும் புரிஞ்சுதுன்னு சொன்னாங்க மாமா.”

ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டுக் காட்டி ஆரம்பித்தார். பின்னம் பிடிபட்டதும் மற்றதெல்லாம் கடகடவென்று வந்தது. ஒரு மாதத்தில் இயற்கணிதம். அப்புறம் பழைய கேள்வித்தாள்கள். அறுபது வாங்கினாள், எழுபது வாங்கினாள். ஒருநாள் அவர் போட்ட கணக்கிலேயே தப்பு கண்டுபிடித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அன்றைக்குத் தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் முழுசாக வாத்தியாராக இருந்தது அந்தச் சில மாதங்கள்தான். மற்ற பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மாமா இல்லை. சைக்கிள் கடைக்காரர் மகன் அதற்குள் பஞ்சர் ஒட்டப் பழகியிருந்தான்.

தேர்வுக்குச் சில நாள் இருக்கும்போது மழை பிடித்தது. காலம் தவறிய மழை. ஆறுகள் உடைத்துக்கொண்டு பாதி மாவட்டங்களில் தண்ணீர் புகுந்துவிட்டது. பள்ளிக்கூடங்களில் எல்லாம் ஜனங்களைக் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். தேர்வைத் தள்ளி வைத்தார்கள், திரும்பவும் தள்ளி வைத்தார்கள். பாப்பா தள்ளி வைக்க வைக்க இன்னும் நன்றாகப் படித்தாள். சர்க்கரை சார் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் போர்வை கொடுக்கிற வரிசையில் நின்றார்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் அறிவிப்பு வந்தது. அறிவியல் டீச்சர் செல்போனைப் பார்த்து உரக்கப் படித்தாள். பொதுத்தேர்வு ரத்து. பள்ளிகளில் பத்தாம் வகுப்பு பயிலும் மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்படுகிறார்கள். ஆசிரியர்கள் கைதட்டினார்கள். அடியில் இன்னொரு வரி இருந்தது, அதை அவள் தணிந்த குரலில் படித்தாள். தனித்தேர்வர்களுக்கான தேர்வு குறித்துப் பின்னர் அறிவிக்கப்படும்.

சர்க்கரை சார் செல்போனை வாங்கித் தானே படித்துப் பார்த்தார். பாப்பா பள்ளியில் பயிலும் மாணவி இல்லை. அரையாண்டில் எந்தப் பாடத்திலும் தேறாதவன்கூட, பெயர் இருந்திருந்தால் பாஸ். பெயர் மட்டும் இருந்தால் போதும், வேறு ஒன்றுமே வேண்டாம். நேராகத் தலைமையாசிரியரிடம் ஓடினார்.

தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார். “பேர் விவரமெல்லாம் எப்பவோ மேல போயாச்சு சார். இப்ப கம்ப்யூட்டர்ல எதையும் தொட முடியாது. உங்க நல்ல மனசுக்கு இப்படி ஆயிருக்க வேண்டாம்.” சர்க்கரை சார் போர்வை வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் பஸ் பிடித்து மாவட்ட அலுவலகம் போனார். அங்கே இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தவில்லை.

“தனித்தேர்வருக்கு எப்ப சார் தேர்வு?”

“மேல இருந்து வரணும்.”

“பதினொன்னாம் வகுப்பு அட்மிஷனுக்கு முன்னால வந்துடுமா?”

“அட்மிஷன் வர்ற வாரம் ஆரம்பிக்கிறாங்க. தேர்வைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் சொல்லலை.”

இனிப்பாகப் பேசிப் பார்த்தார். குடும்பத்தைப் பற்றி விசாரித்தார், அலுவலகத்தைப் பாராட்டினார். எழுத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தத் தேர்வை எப்போது வைத்தார்கள் என்றால், பதினொன்றாம் வகுப்பில் பாதிப் பாடம் முடிந்த பிறகு வைத்தார்கள். அன்றைக்குத் தையல் கம்பெனியில் ஆர்டர் முடியவில்லை என்று பாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சர்க்கரை சாருக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. ஆனால் அட்மிஷனுக்கு முன்னால் தேர்வு வராது என்பது மட்டும் திரும்பி வருகிற பஸ்ஸிலேயே உறுதியாகத் தெரிந்துவிட்டது. அந்த வருஷம் மாநிலத்தில் நூறு சதவீதம் வாங்காத பள்ளிக்கூடமே இல்லை. இவர்கள் பள்ளிக்கூடத்திலும் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். கையில் மிட்டாய்ப் பொட்டலம். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எழுந்து வந்துவிட்டாள்.

“மாமா, டிவில சொல்லிட்டாங்க, எல்லாரும் பாஸ். எங்க தெருவுல எல்லாருக்கும் அம்மா மிட்டாய் கொடுத்தாங்க. அப்பா, பதினொன்னு சேத்துடலாம்னு சொல்லிட்டாரு. நான் கேக்கக்கூட இல்லை மாமா, அவரே சொன்னாரு.”

அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

“உக்காரும்மா” என்றார். பஸ்ஸில் வரும்போது அவரிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் வாயைத் திறந்ததும் அது பாட்டுக்கு வந்தது. எங்கும் தட்டாமல், தடுமாறாமல், அவருக்கே அருவருப்பாக இருக்கிற அளவுக்கு நன்றாக வந்தது.

“பாப்பா, நீ தங்கமான பொண்ணு. உனக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சிருக்காங்க, அவ்வளவுதான். தனியா எழுதறவங்களுக்குத் தனியா வைப்பாங்க. உனக்கென்ன, உனக்கு எல்லாம் தெரியுமே. சும்மா கிடைக்கிற பாஸை விட எழுதி வாங்கற பாஸுக்கு மதிப்பு அதிகம்மா.”

அவள் அதை மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். கணக்குப் போடும்போது இருக்கிற அதே முகம்.

“அட்மிஷன் முடியறதுக்குள்ள வச்சுடுவாங்களா மாமா?”

“வச்சுடுவாங்க.”

“என் பக்கத்துல உக்காந்திருந்தாளே, அவ பாஸா?”

“பாஸ்.”

“அவளுக்குப் பின்னம் வராது மாமா.” குறையாகச் சொல்லவில்லை. ஏதோ விட்டுப்போனதைத் தெரிவிக்கிற மாதிரித்தான் சொன்னாள். அவர் கண்ணைப் பார்த்தாள், திட்டவில்லை, அழவில்லை, நம்பிவிட்டாள். அவள் திட்டியிருந்தால் அந்த மனுஷர் பிழைத்திருப்பார்.

“சரி மாமா” என்று மிட்டாய்ப் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். “அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க. நான் சொன்னா அழுவாங்க. நீங்க சொன்னா அழமாட்டாங்க.”

அவர் திரும்பவும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்.